தட்டுவதற்கு முன்

விலாவில் வலி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால் என் வலது கை தானாகவே முஷ்டி பிடித்துக்கொள்ளும். பல வருடப் பழக்கம். இடது உள்ளங்கையை அவர் முதுகில் பதித்து, அதன் மேல் முஷ்டியால் ஒரு தட்டு. "வலிக்குதா?" "ஐயோ" என்றால் கிட்னி, "இல்லையே" என்றால் தசைப்பிடிப்பு. அரை நிமிடத்தில் தீர்ப்பு எழுதியாயிற்று. மருத்துவம் படித்து முடித்த புதிதில் ஏறத்தாழ இப்படித்தான் விலா வலியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஏதோ செய்துவிட்ட மாதிரி நமக்கும் இருக்கும், வந்தவருக்கும் இருக்கும்.

இப்போதும் தட்டுகிறேன். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக. அந்தத் தட்டு முதலிலிருந்து கடைசிக்கு நகர, ஒரு அம்மாவுக்கு வந்த அக்கியும் எனக்கு வந்த கல்லும் தேவைப்பட்டன. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர்களுக்காக இல்லை. பரிசோதனை மேசையில் என்றைக்காவது ஏறிப் படுக்கப்போகிறவர்களுக்காக. நம் உடம்பில் ஒருவர் கை வைத்து அழுத்தும்போது அந்தக் கை எதைத் தேடுகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். தேடாமல் விட்டது எது என்றும் தெரியும்.

முதலில் இடம். கிட்னி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பெல்ட் கட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அங்கே இருப்பது இடுப்பெலும்பின் விளிம்பும், நாள் முழுக்க உட்கார்ந்து நொந்துபோன தசையும்தான். சிறுநீரகம் அதற்கு மேலே இருக்கிறது. கையைப் பின்னால் கொண்டுபோய் விலா எலும்புகளில் கடைசியானதைத் தேடுங்கள். 12-வது எலும்பு, முன்னால் எதிலும் ஒட்டாமல் பாதியிலேயே நின்றுபோகும் எலும்பு. அதைப் பிடித்துக்கொண்டே முதுகுத்தண்டை நோக்கி வந்தால், எலும்பும் தண்டை ஒட்டிய தடித்த தசையும் சேரும் இடத்தில் ஒரு மூலை கிடைக்கும். விலா-முதுகெலும்புக் கோணம் என்று பாடத்தில் சொல்வது அந்த மூலையைத்தான். சிறுநீரகத்தின் மேல்பாதி விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும். கீழ்ப்பாதி இந்த மூலைக்கு நேர் உள்ளே. ஒவ்வொன்றும் சுமார் 11 செ.மீ. நீளம், 150 கிராம் அளவுக்கு எடை. வலது பக்கம் கல்லீரல் மேலே உட்கார்ந்திருப்பதால் வலது சிறுநீரகம் இடதைவிட ஒன்றிரண்டு செ.மீ. இறங்கியிருக்கும். மூச்சை இழுத்தால் இரண்டும் கீழே இறங்கும், விட்டால் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் பிறகு நமக்குப் பயன்படும்.

இனி அந்தத் தட்டு. சிறுநீரகத்தின் சதையைக் கிள்ளினாலும் அதற்கு வலி தெரியாது. வலி தெரிவது அதைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்தியிருக்கும் உறைக்குத்தான். கிருமி தொற்றிச் சிறுநீரகம் வீங்கினாலோ, கல் அடைத்துச் சிறுநீர் தேங்கி உப்பினாலோ உறை விறைத்துப்போகும். விறைத்த உறையை வெளியிலிருந்து கொஞ்சம் அதிரவைத்தால் போதும், ஆள் துள்ளிவிடுவார். நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகத்தின் மேல் அதே தட்டு விழுந்தால் 'தொப்' என்று ஓர் உணர்வு மட்டும்; வலி இருக்காது. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதற்கும் இதுதான் அளவுகோல். வலிக்காத பக்கத்தில் தட்டும்போது அந்தத் 'தொப்' தெரிய வேண்டும், நோக்காடு தெரியக்கூடாது. ஆகவே வலிக்காத பக்கம்தான் முதலில். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நோகும் பக்கத்தில் ஓங்கி ஒன்று விட்ட பிறகு, அடுத்த பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மனிதர் உடம்பைச் சுருக்கிக்கொள்வார். அப்புறம் எது வலி, எது பயம் என்று எப்படிப் பிரிப்பது?

சொல்லப்போனால் முஷ்டியே வேண்டியதில்லை. அந்த மூலையில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாலே சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படிச் சுளித்தவரை மறுபடி தட்டிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்ட பதில் கிடைத்துவிட்டது. எதற்கு இன்னொரு முறை கேட்க வேண்டும்?

இந்தத் தட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர். ஆங்கிலப் பாடநூல்கள் சிகாகோவின் அறுவை மருத்துவர் ஜான் பெஞ்சமின் மர்ஃபியின் பெயரைச் சொல்லும். பித்தப்பைக்கும் அவர் பெயரில் ஒரு சோதனை இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ரஷ்யாவில் படித்துவிட்டு வந்தவரிடம் கேட்டால் பாஸ்தெர்னாட்ஸ்கி என்பார். தட்டிய பிறகு சிறுநீரில் ரத்தம் கூடுகிறதா என்று பார்ப்பதும் அந்த முறையில் சேர்த்தி. இத்தாலிக்காரருக்கு அது ஜோர்தானோ. அந்த மனிதர் வெனிஸ் நகர மேயராகவும் இருந்தவர். போலந்தில் கோல்ட்ஃப்ளாம். ஒரே தட்டு, நான்கு உரிமையாளர்கள். தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதை அறியும் வித்தையையே 1761-இல் வியன்னாவில் எழுதி வெளியிட்டவர் லியோபோல்ட் ஔன்பிரக்கர், விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மது மிச்சமிருக்கிறது என்று அப்பா பார்ப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. பீப்பாய் கத்தாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர். வலது விலாவில் இரண்டு நாளாக வலி. பின்னாலிருந்து முன்னால் வயிறுவரை ஓடி வருவதாகச் சொன்னார். காய்ச்சல் இல்லை. என் கை வழக்கம்போல முஷ்டி பிடித்தது. சேலைக்கு மேலாகவே தட்டினேன். "அம்மா!" என்று கத்திவிட்டார். எனக்குள் ஒரு திருப்தி. கல்தான். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வலி மாத்திரை எழுதி, ஸ்கேனுக்குச் சீட்டுக் கொடுத்தேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்: "டாக்டர், துணி பட்டாலே எரியுது. ராத்திரி போர்வை கூடப் போட முடியல." நான் அடுத்தவரை உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரியாயிடும்மா" என்றேன்.

மூன்றாவது நாள் திரும்ப வந்தார். ஸ்கேனில் கல் இல்லை. இந்த முறை அவரே முந்தானையை ஒதுக்கிக் காட்டினார். முதுகுத்தண்டிலிருந்து தொப்புளை நோக்கி, பெல்ட்டில் பாதியை வெட்டி ஒட்டிய மாதிரி, சிவந்த தோலில் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம். நடுக்கோட்டை ஒரு கொப்புளமும் தாண்டவில்லை. அக்கி. சின்ன வயதில் வந்துபோன நீர்க்கோளவான், அதாவது சின்னம்மைக் கிருமி, நரம்பின் வேரில் இத்தனை வருடம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறது. கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடும் என்பது பாடத்தில் படித்ததுதான். முதல் நாள் நான் தோலைப் பார்த்திருந்தாலும் எதுவும் தென்பட்டிருக்காது. அது எனக்குச் சாக்கு ஆகாது. துணி பட்டால் எரிகிறது என்று அவர் சொன்னது, வலி தோலில் இருக்கிறது, உள்ளே இல்லை என்பதைத்தான். ஒரு பஞ்சை எடுத்து அந்த இடத்தில் மெல்ல இழுத்திருந்தால் அவர் துள்ளியிருப்பார். அடுத்த பக்கம் துள்ளியிருக்க மாட்டார். என் முஷ்டி வலியை உண்டாக்கியது உண்மை. அந்த வலி சிறுநீரக உறையிலிருந்து வந்தது என்பது என் கற்பனை. எரியும் தோலில் அடித்தால் யார்தான் கத்த மாட்டார்கள்?

கிருமிக்கான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. நல்லவேளை, அவர் அதற்குள் வந்துவிட்டார். கொப்புளங்கள் ஆறின, எரிச்சல் மட்டும் சில மாதம் இருந்தது. அந்தச் சில மாதமும் அவர் வரும்போதெல்லாம் என் மேசையில் இருக்கும் எதையாவது ஒழுங்குபடுத்திக்கொண்டே பேசுவேன். நேராகப் பார்த்துப் பேச ஒரு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன்.

முதலில் தொடாமல் பார்ப்பது. கல் சிறுநீர்க் குழாயில் இறங்கிச் சிக்கினால் மனிதரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நிற்பார், குனிவார், நடப்பார், மறுபடி உட்கார்வார். எந்த நிலையிலும் வலி விடாது. பழைய தமிழில் சூலை என்ற சொல் இருக்கிறதே, உள்ளே சூலத்தால் குத்தித் திருகுவது போன்ற வலி. அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். வயிற்றின் உட்சவ்வு அழற்சி கண்டவரோ இதற்கு நேர்மாறு. அசைந்தால் வலி என்பதால் மரக்கட்டை போலப் படுத்திருப்பார். கட்டிலில் இடித்துவிட்டால்கூட முகம் மாறும். விலாவைப் பிடித்துக்கொண்டு உருள்பவரையும், விலாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பவரையும் அறை வாசலிலிருந்தே பிரித்துவிடலாம். இரண்டாமவருக்குக் கல் என்று சொல்லிவிடாமல் வயிற்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கை. "எங்கே வலிக்குது, காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். ஒற்றை விரலால் ஓரிடத்தைக் குறிவைத்துத் தொட்டால் பெரும்பாலும் விலா எலும்போ தசையோதான். சிறுநீரக வலி உள்ளவர் அப்படிக் காட்ட மாட்டார். இடுப்பை அப்படியே கையால் பற்றுவார், நான்கு விரலும் பின்பக்கம், கட்டைவிரல் முன்பக்கம். குழாயில் கல் இறங்க இறங்க அந்தக் கை முன்னால் வழுக்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் போகும். ஆண்களில் சிலர் அதற்கும் கீழே போவதைக் கூச்சத்தோடு சொல்வார்கள். சொல்லாதவர்களும் உண்டு, கேட்க வேண்டும். கருவில் விதை சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகிறது. பிறகுதான் கீழே இறங்குகிறது. ஊர் மாறிப் போனாலும் நரம்பு பழைய வீட்டிலிருந்தேதான் வருகிறது. அதனால் சிறுநீர்க் குழாயின் வலி விதையில் தெரிகிறது. இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து: விதை முறுக்கிக்கொண்ட இளைஞன் அடிவயிற்று வலி, விலா வலி என்று மட்டும் சொல்லிக்கொண்டு வரலாம். அதைச் சில மணி நேரத்துக்குள் பிரித்துவிடாவிட்டால் விதை போய்விடும். வெட்கப்பட்டுக்கொண்டு பார்க்காமல் விடுகிற இடம் இது, இரு தரப்பிலும்.

சட்டையைக் கழற்றச் சொல்வதும் அப்படித்தான். ஆடைக்கு மேல் தட்டுவது பரிசோதனையில் சேராது என்று இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். தோலில் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா, பழைய அறுவைத் தழும்பு உண்டா, விலாவில் ரத்தம் கட்டிய நீலம் தெரிகிறதா, ஒரு பக்கம் புடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தோலை மெல்லத் தடவிப் பார்த்து, பிறகு விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு போவேன். முதுகெலும்பின் முடிச்சுகளையும் அப்படியே. குனிந்து நிமிர்ந்தால், பக்கவாட்டில் சாய்ந்தால் வலி ஏறுகிறது, படுத்தால் விடுகிறது என்றால் தசையும் தண்டும்தான் பேசுகின்றன. கல்லுக்கு நீங்கள் எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான்.

பிறகு மல்லாக்கப் படுக்கவைப்பது. இங்கே ஒரு சின்ன உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வயிற்றில் வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே, "தலையை மட்டும் தூக்குங்க" என்பேன். தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை கல்லாக இறுகும். வலி உள்ளே இருந்து வந்தால், இறுகிய தசை கேடயம் போல மறைத்து வலி குறைய வேண்டும். கூடினால், வலி தசையிலேயே இருக்கிறது. 1926-இல் கார்னெட் என்பவர் எழுதியது. செலவு இல்லை, கருவி இல்லை, பத்து விநாடி. இவ்வளவு மலிவாக இருப்பதாலேயே யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

படுத்திருப்பவர் அறுபதை ஒட்டியவராக இருந்தால், அதிலும் புகைபிடிப்பவராக இருந்தால், 'வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல் வலி' என்று வந்திருந்தால், தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் என் பேராசிரியர் செய்ததைப் பார்த்தது. பெரியவர் ஒருவருக்கு இடது விலாவில் வலி, வேர்வை. கல் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். பேராசிரியர் தாளைப் படிக்கவில்லை. இரண்டு கை விரல்களையும் தொப்புளுக்கு மேலே இரு பக்கமாக ஊன்றி, பேசாமல் நின்றார். பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் என் இரண்டு கையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. மேலே தூக்கப்படவில்லை; பக்கவாட்டில் விலகின. பெருந்தமனி பலூன் போல உப்பியிருந்தது. சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்க வேண்டிய குழாய் அது. 3 செ.மீ.யைத் தாண்டினாலே வீக்கம் என்று கணக்கு. விலா வலி என்பது அது கசியத் தொடங்கியதன் அறிகுறி. அன்றைக்கு அறுவை அரங்குக்கு ஓடிய ஓட்டத்தில் தாளில் 'கல்' என்று எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. எழுதியது நான்தான். இப்படிப்பட்டவரை முதலிலேயே முஷ்டியால் தட்டிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றைக்கும் விருப்பமில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயிறு பருத்தவர்களில் வீக்கம் இருந்தும் கைக்குத் தெரியாமல் போகும். அதனால் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாமல், வயதும் கதையும் பொருந்தினால் உடனே ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்துவிடுவதுதான் முறை.

சிறுநீரகத்தையே கையால் பிடிப்பது தனிக் கலை. வலது சிறுநீரகத்துக்கு, இடது கையை நோயாளியின் முதுகுக்கு அடியில், கடைசி விலா எலும்புக்குக் கீழே கொடுத்து மேல்நோக்கித் தாங்க வேண்டும். வலது கை முன்னால், விலா விளிம்புக்குக் கீழே, நடுத்தசைக்கு வெளிப்பக்கம். "மூச்சை நல்லா இழுங்க." இழுக்கும்போது சிறுநீரகம் இறங்கி வரும் என்று சொன்னேன் அல்லவா? உச்சிக்குப் போன கணத்தில் இரண்டு கையையும் நெருக்கினால், ஒல்லியானவர்களில் வழவழப்பான ஏதோ ஒன்று கைகளுக்கு நடுவே மாட்டும். மூச்சை விட்டதும் ஈரச் சோப்புக்கட்டி மாதிரி நழுவி மேலே போய்விடும். பின்கை விரல்களால் சட்டென்று ஒரு சுண்டு சுண்டினால் முன்கையில் வந்து மோதித் திரும்பும். இதைப் பரவச் செய்தவர்களில் பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் கியோன் முக்கியமானவர். இடது சிறுநீரகம் அனேகமாக எட்டாது. நல்ல சிறுநீரகம் கைக்குத் தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். 'தெரியவில்லை' என்று எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை. தெரிந்த மாதிரி எழுதிவைப்பவர்களைத்தான் நம்ப முடியாது.

தெரிந்தால் அது செய்தி. ஒரு முறை, முதுகு இரண்டு பக்கமும் கனக்கிறது என்று வந்த ஓர் இளைஞரின் வயிற்றில் கை வைத்தேன். இரு பக்கமும் திராட்சைக் குலையைத் துணியில் கட்டி வைத்த மாதிரி மேடும் பள்ளமுமாக இரண்டு பெரிய கட்டிகள். ரத்த அழுத்தம் அந்த வயதுக்கு இருக்கக் கூடாத உயரத்தில். "வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினை?" என்றதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்பாவுக்கு டயாலிசிஸ். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்புள்ள நீர்க்கட்டி நோய். அவருக்கும் அது உள்ளூரத் தெரிந்திருந்தது, கேட்க ஆள் வராமல் இருந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசியதில் மருத்துவம் கொஞ்சம்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்பது, நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தாலும் விலாவில்தான் வலிக்கும் என்பதால். காலைப் பின்பக்கம் நீட்டச் சொல்வது, சிறுநீரகத்துக்குப் பின்னால் ஓடும் தசையில் சீழ் கட்டியிருந்தால் அந்த அசைவு தாங்காது என்பதால். அடிவயிற்றைத் தட்டுவது, சிறுநீர்ப்பை நிரம்பி வழியும் நிலையில் இருந்தால் சிறுநீரகம்வரை பின்னழுத்தம் போகும் என்பதால். வயதான ஆண்களில் இதற்கு மூலம் பெரும்பாலும் புராஸ்டேட். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண் என்றால் கையை நம்பாமல் கர்ப்பச் சோதனை, ஏனென்றால் கருப்பைக்கு வெளியே தங்கிய கரு எந்த வேடத்திலும் வரும்.

வேகமாகச் சொல்லக் கூடாதது ஒன்று இருக்கிறது. காய்ச்சல்.

விலா வலியோடு காய்ச்சலும், பல் கிட்டிப்போகிற மாதிரிக் குளிர் நடுக்கமும், நீர்க்கடுப்பும் சேர்ந்து வந்து, அந்த மூலையில் விரல் வைத்தாலே வலித்தால் சிறுநீரகத்தில் தொற்று. தட்டும் சோதனை தன் பேரைக் காப்பாற்றிக்கொள்வது இங்கேதான். கல் வலியில் தட்டினால் சிலருக்கு ஒன்றுமே இருக்காது, தொற்றில் அனேகமாக இருக்கும். இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால், அதாவது கல் குழாயை அடைத்து, அதற்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டால், அது அடைபட்ட சீழ். ஊசி மருந்து மட்டும் போட்டுக்கொண்டு காத்திருந்தால் மருந்து அந்தப் பக்கம் போய்ச் சேராது. குழாய் வைத்தோ, முதுகு வழியாகத் துளையிட்டோ சிறுநீரை வெளியேற்றியாக வேண்டும், அன்றைக்கே. அதனால்தான் வலி என்று வந்தவரிடம் நாடியும் ரத்த அழுத்தமும் வெப்பநிலையும் பார்ப்பது எந்தத் தட்டையும்விட முக்கியம். நாடி வேகமாக, அழுத்தம் கீழே, ஆள் பேச்சில் தடுமாற்றம் என்றால் மூலையைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: விலா வலியோடு குளிர் நடுக்கம் வந்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிறுநீரே போகாமல் நின்றாலும், ஒரே ஒரு சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு இந்த வலி வந்தாலும் அப்படியே.

"இவ்வளவும் எதற்கு, ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே" என்று என்னிடம் கேட்காதவர் கிடையாது. நியாயமான கேள்வி. சி.டி. ஸ்கேன் கல்லைக் காட்டுவதில் எந்தக் கையும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. முஷ்டித் தட்டின் பதில் இரண்டு பக்கமும் பொய்யாகலாம்: கல் இருந்தும் வலிக்காமல் போகும், அக்கியில் வலித்ததைப் பார்த்தோம். சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படியே. கல் இருந்தும் ரத்த அணு தென்படாதவர்கள் உண்டு. ஆனால் ஸ்கேனுக்கும் ஒரு குணம் உண்டு. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும். சிறுநீரகத்தின் கிண்ணத்தில் 4 மி.மீ. கல் ஒன்று வருடக்கணக்காக யாரையும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருக்கும். மனிதருக்கு வலி வந்ததோ முதுகுத் தசையில். ரிப்போர்ட்டில் கல் என்று வந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. எல்லாப் பழியும் அதன் தலையில். குழாயை அடைக்காத, வீக்கம் உண்டாக்காத கல் பொதுவாக இப்படித் துடிக்கவைக்காது. ரிப்போர்ட்டில் இருக்கும் கல்தான் வலிக்கிற கல்லா என்பதைக் கேட்க மறுபடி அந்த முதுகுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இனி என் கல்.

சென்ற வருடம், நடுராத்திரி தாண்டி. இடது விலாவில் யாரோ உள்ளிருந்து கையை விட்டுப் பிழிகிற மாதிரி எழுந்தது. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி. தரையில் முழங்காலிட்டுக் கட்டிலில் தலையைக் கவிழ்த்தால் ஒரு நிமிடம் தேவலை போலிருந்தது, பிறகு அதுவும் இல்லை. இரண்டு தடவை வாந்தி. இத்தனை வருடமாக இதை விளக்கியிருக்கிறேனே, அந்த விளக்கத்தில் பாதிகூட இதில் இல்லையே என்று நடுவில் ஒரு யோசனை வேறு. இடுப்பைப் பற்றியிருந்த என் கையைக் கண்ணாடியில் பார்த்தேன். நான்கு விரல் பின்னால், கட்டைவிரல் முன்னால்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவருக்கு என் மகள் வயது இருக்கும். முதலில் வலிக்கு ஊசி போட்டார். நாங்கள் படித்த காலத்தில் வலியைக் குறைத்துவிட்டால் அறிகுறி மறைந்துவிடும் என்று ஆளைத் துடிக்கவிட்டுத்தான் பரிசோதிப்போம். அந்த நம்பிக்கையை மருத்துவம் கைவிட்டு வெகுகாலமாகிறது. பிறகு, "சார், படுங்க, வயித்தைப் பார்க்கணும்" என்றார்.

"கல்லும்மா. நானும் டாக்டர்தான். எனக்கே தெரியுது."

"இருக்கலாம் சார். வயசு என்ன?"

"அம்பத்தெட்டு."

அவர் கை தொப்புளுக்கு மேலே போய் நின்றது. இரண்டு கை விரல்களும், இரு பக்கமாக. எதற்கென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சட்டையை முழுக்கக் கழற்றச் சொன்னார். விதைப்பையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, திரையை இழுத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு உட்காரவைத்து, வலது பக்கம் முதலில் தட்டினார். 'தொப்'. முப்பது வருடத்துக்கும் மேலாக மற்றவர்களுக்குக் கொடுத்த அந்தத் 'தொப்' எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு இடது பக்கம். ஊசி போட்டிருந்தும், என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், பக்கத்திலிருந்த நர்ஸ் ஓரடி பின்வாங்குகிற அளவுக்குக் கத்தினேன்.

ஸ்கேனில் 5 மி.மீ. கல், குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில், மூன்று குறுகல்களில் கடைசியானதில் சிக்கியிருந்தது. ஒன்பதாம் நாள் வடிகட்டியில் விழுந்தது, கறுத்த கோதுமைத் துணுக்கு மாதிரி.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது என் தாளைக் கொடுத்தார்கள். பழக்க தோஷம், வரி வரியாகப் படித்தேன். நாடி, அழுத்தம், வெப்பநிலை. வயிற்றில் துடிக்கும் கட்டி இல்லை. விதைப்பை இயல்பு. இடது விலா-முதுகெலும்புக் கோணத்தில் தட்டினால் வலி. அதற்கு மேல் வரியில், சின்ன எழுத்தில்: "தோல் பார்க்கப்பட்டது. கொப்புளம் இல்லை. தொட்டால் எரிச்சல் இல்லை."